கடைசி இரண்டு லிட்டர்

கறுப்பு நிறத்தில் கார் வாங்கியவருக்குப் பொம்மனஹள்ளித் தண்ணீர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாடம் நடத்திவிடும். காலை ஒன்பது மணிக்கு ஹோஸைப் பிடித்து, ஷாம்பு போட்டு, பளபளவென்று கழுவி நிறுத்துவார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பானட் முழுக்க அம்மை வார்த்தது போல் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். சரியாக அலசவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறை தண்ணீர் அடிப்பார். அது காய்ந்ததும் பழைய புள்ளிகள் அப்படியே இருக்க, புதிதாகக் கொஞ்சம் சேர்ந்திருக்கும். மூன்றாம் முறை ஷாம்புவின் மேல் சந்தேகம் வரும். தண்ணீரின் மேல் சந்தேகம் வருவதற்குப் பெரும்பாலும் ஒரு மாதம் பிடிக்கும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே இங்கே ஒரு சிக்கலான கேள்வி. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியதும் ஓசூர் சாலையின் இருபுறமும் பரவிக் கிடக்கும் பொம்மனஹள்ளி, 2007 வரை தனி நகராட்சி. அந்த ஆண்டு பெங்களூர் மாநகராட்சியோடு ஏழு நகராட்சிகளும் ஒரு பேரூராட்சியும் 110 கிராமங்களும் இணைக்கப்பட்டபோது இதுவும் நகரத்துக்குள் வந்தது. எல்லைக்கோடு ஒரே நாளில் நகர்ந்தாலும் காவேரிக் குழாய் அந்த வேகத்தில் வரவில்லை. 110 கிராமங்களுக்கென்று திட்டமிட்ட காவேரி ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கொள்ளளவோடு, 2024 அக்டோபர் 16 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை பல தெருக்களுக்குக் கதி ஆழ்துளைக் கிணறும் டேங்கரும்தான். இன்றும் ஒரு சராசரி அடுக்குமாடிக் குடியிருப்பின் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், மூன்றும் கலந்து கிடக்கின்றன: குழாய் திறக்கும் நாளில் காவேரித் தண்ணி, மற்ற நாளில் போர் தண்ணி, இரண்டும் போதாதபோது டேங்கர்காரர் எந்தத் தோட்டத்துப் போரிலிருந்தோ கொண்டுவந்து ஊற்றும் தண்ணி.

போன வாரம் கழுவியபோது வராத கறை இந்த வாரம் ஏன் வந்தது என்று குழம்புகிறவர்கள் இந்தக் கலவையைக் கணக்கில் எடுப்பதில்லை. ஷாம்பு, துணி, கை எல்லாம் அதேதான். சம்ப் மட்டும் மாறியிருக்கிறது. நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படும் ஆற்றுநீர், பாறைக்குள்ளிருந்து எடுக்கும் நீரைவிட மென்மையானது. சோப்பு நுரைப்பதிலேயே வித்தியாசம் தெரியும். கன்னடக்காரர் ‘கடஸு நீரு’ (கடின நீர்) என்பதும் தமிழ் வீடுகளில் ‘உப்புத் தண்ணி’ என்பதும் இந்த இரண்டாம் வகையைத்தான். நாக்கில் உப்புக் கரிக்காவிட்டாலும் அதற்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

கடினம் எங்கிருந்து வருகிறது? பெங்களூரின் அடியில் இருப்பது தீபகற்ப நைஸ் என்ற பழம்பாறை. லால்பாக் குன்றில் அது வெளியே தலைநீட்டி நிற்கிறது. சுமார் 300 கோடி ஆண்டு வயதுடைய அந்தக் குன்றைத் தேசியப் புவியியல் சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையின் ஃபெல்ஸ்பார் கனிமத்தை அரித்து, கால்சியத்தையும் கொஞ்சம் சிலிக்காவையும் எடுத்துக்கொண்டு விரிசல்களில் தேங்குகிறது. பாறையோடு எத்தனை காலம் உறவாடுகிறதோ அத்தனை சரக்கு சேரும். 1,000 அடிக்கும் கீழே போய் எடுக்கும் தண்ணீர் அங்கே வெகுகாலம் கிடந்த தண்ணீர்.

யாழ்ப்பாணத்தில் கதை சற்று வேறு. அங்கே குடாநாடே சுண்ணாம்புக்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிணற்றுநீரில் வருவது நேரடிச் சுண்ணாம்பு. கேத்தலின் அடியில் அது ஓடு கட்டுவதைப் பார்க்காத வீடு அங்கே இராது. பெங்களூர்ப் படிவில் சுண்ணாம்போடு சிலிக்காவும் கலந்திருப்பது, கறையை எடுக்கும் கட்டத்தில் தொல்லை தரப்போகிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 600-ஐயே எடுத்துக்கொள்வோம். ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லிலிட்டர். அது ஆவியானால் மிஞ்சுவது 0.03 மில்லிகிராம். தராசில் தெரியாது, கறுப்பு பெயின்ட்டில் தெரியும். கழுவி முடித்த காரின் மேல் ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர் தண்ணீர் தங்கியதாக வைத்தால், 150 மில்லிகிராம் சுண்ணாம்பைத் தூவிவிட்டு வந்ததாகக் கணக்கு. எத்தனை நூறு லிட்டர் ஊற்றினோம் என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. வழிந்து சாக்கடைக்குப் போன தண்ணீர் தன் உப்பையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது. மேலே உட்கார்ந்து காய்ந்த டம்ளர்தான் எல்லாக் குற்றத்துக்கும் பொறுப்பு.

திரும்பக் கழுவினால் ஏன் போவதில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருந்தபோது அது கால்சியம் பைகார்பனேட். காயும்போது கரியமில வாயு பறந்துபோய், கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு காய்ந்து இறுகினால் எந்தப் பொருளாகிறதோ, அதே பொருள். ஒரு லிட்டர் தூய நீரில் அது 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். வந்த வழியே திரும்பிப் போக அதற்குக் கதவு இல்லை.

புள்ளிகள் பெரும்பாலும் முழு வட்டமாக இல்லாமல் வளையமாக இருப்பதையும் பலர் கவனித்திருப்பார்கள். காப்பி சிந்திக் காய்ந்தால் ஓரத்தில் கருவளையம் விழுவது போலத்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் இதற்குக் காரணம் சொன்னார்கள். சொட்டின் விளிம்பு தரையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. அங்கே ஆவியாதல் அதிகம். இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்புக்கு ஓடுகிறது, போகும்போது சரக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடலாம். வெயிலில் நீர்த்துளி பூதக்கண்ணாடியாகிப் பெயின்ட்டைச் சுட்டுவிடும் என்று கார் கழுவும் இடங்களில் அடித்துச் சொல்வார்கள். செடிகளுக்கு நண்பகலில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கும் இதே காரணம் சொல்லப்படுவதுண்டு. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் குழு 2010-இல் இதைச் சோதித்தபோது, வழுவழுப்பான இலையில் கண்ணாடிக் குண்டுகள் சுட்டன, நீர்த்துளிகள் சுடவில்லை. தட்டையாக அமரும் துளி ஒளியைக் குவிக்கும் இடம் இலைக்குக் கீழே வெகுதூரம் தள்ளிப் போய்விடுகிறது. காரின் பானட்டும் வழுவழுப்பான பரப்புதான். வெயிலில் கழுவக் கூடாது என்ற அறிவுரை சரி, காரணம்தான் தவறு. சூடான தகட்டில் துணி எட்டுவதற்குள் துளி காய்ந்துவிடுகிறது. காய்ந்த படிவு காரத்தன்மை கொண்டது. வெயிலில் அது வாரக்கணக்கில் கிடந்தால் கிளியர் கோட்டை அரித்துக் குழி பறிக்கும். அந்தத் தெளிந்த மேல்பூச்சு பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு.

இந்த நிலையில்தான் தண்ணீர்ப் பஞ்சத்தோடு 2024 மார்ச் வந்தது. நகரத்திலிருந்த சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக முதல்வர் சித்தராமையா சொன்ன மாதம் அது. கார் கழுவ, தோட்டத்துக்கு ஊற்ற, கட்டுமானத்துக்கு, நீரூற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று பெங்களூர் குடிநீர் வாரியம் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். திரும்பவும் செய்தால் நாளுக்கு 500 கூடுதல். அந்த மாதமே 22 வீடுகளிடமிருந்து 1.1 லட்சம் வசூலானது. 2025 பிப்ரவரியில் அதே தடை மறுபடியும் வந்தது.

அபராதத் தொகையைத் தண்ணீரின் விலையோடு ஒப்பிட்டால் வேடிக்கை புரியும். அந்த மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை கட்டியபோது, ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய் என்றது. லிட்டருக்குப் பத்துப் பைசா. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் விடும் ஹோஸை 20 நிமிடம் திறந்துவைத்தால் 200 லிட்டர், இருபது ரூபாய். விலை யாரையும் தடுத்திருக்காது. அபராதம் தடுத்தது. ஹோஸ் மூலைக்குப் போய், வாளி வெளியே வந்தது. கறைக்குப் பயந்து செய்திருக்க வேண்டியதை அபராதத்துக்குப் பயந்து செய்தார்கள். ஏனென்றால் ஹோஸ்தான் கறையின் முக்கியக் கூட்டாளி. மொத்தக் காரையும் ஒரே வீச்சில் நனைத்துவிடுகிறது. பின் கதவைத் துடைக்கப் போவதற்குள் முன் பக்கம் காய்ந்துவிடும்.

தடையோடு சேர்ந்து புழக்கத்துக்கு வந்த ஒரு யோசனையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்: ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தின் கழிவுநீரில் கார் கழுவுங்கள் என்பது. சிக்கன யோசனை, பெங்களூர் வீடுகளில் வாளி வைத்துப் பிடிப்பவர்கள் நிறைய. நான்கு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீராகி, மூன்று லிட்டர் வெளியேறும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டால், 600 கடினமுள்ள நீர் கழிவுக் குழாயில் ஏறக்குறைய 800 ஆக வெளிவருகிறது. அதாவது கறைக்காகவே காய்ச்சிச் சுண்டவைத்த தண்ணீர். வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. சக்கரம், மிதியடி, அடிப்பக்கச் சேறு, முதல் அலசல் எல்லாவற்றுக்கும் அது போதும். அதைக் கடைசித் தண்ணீராக ஊற்றுவதுதான் பிழை. அதே இயந்திரத்தின் இன்னொரு குழாயில் 40, 50 டி.டி.எஸ். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்த உப்பு) உள்ள நீர் வந்துகொண்டிருக்கும். அதிலிருந்து இரண்டு லிட்டரை எடுத்துக் கடைசியாக மேலிருந்து கீழே மெல்ல வழியவிட்டால், முன்னே சொன்ன டம்ளர் கணக்கு 150 மில்லிகிராமிலிருந்து பத்துப் பதினைந்துக்கு இறங்கிவிடும். ஒரே இயந்திரம் தரும் இரண்டு தண்ணீரில் எது முதலில், எது கடைசியில் என்ற வரிசைதான் விஷயம். ஒரு எச்சரிக்கை: சுவைக்காகப் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு பல இயந்திரங்களில் உண்டு. டி.டி.எஸ். மீட்டரை ஒருமுறை நனைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அடுக்குமாடிகளில் பொது மென்னீராக்கி வைத்திருப்பவர்கள் தங்களுக்குக் கறையே வராது என்று நினைப்பதுண்டு. அந்த இயந்திரம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. மொத்த உப்பு குறைவதில்லை, ஆள்தான் மாறுகிறது. புள்ளி அப்போதும் விழும். ஆனால் சோடிய உப்பு தண்ணீரில் கரைவதால் ஈரத்துணி பட்டதும் போய்விடும். பாதி வெற்றி.

உப்பே இல்லாத நீர் என்ன செய்யும் என்பதற்கு நல்ல சாட்சி பிரிட்டனின் ஜன்னல் துடைப்பவர்கள். நீண்ட கம்பின் முனையில் பிரஷ், அதற்குள் ஓடும் குழாயில் ரெசின் வழியாக வடித்த, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் நீர். மாடிக் கண்ணாடியைத் தேய்த்து அலசிவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். துடைப்பதே இல்லை. தானாகக் காய்கிறது, புள்ளி விழுவதில்லை. ஓசூர் சாலைப் பெட்ரோல் பங்குகளிலும் பேட்டரிக் கடைகளிலும் கேனில் விற்கும் ‘டிஸ்டில்டு வாட்டர்’ ஏறக்குறைய அந்தச் சாதிதான். பேட்டரிக்கு ஊற்ற வாங்குவதை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, கண்ணாடிக்கும் பானட்டுக்கும் கடைசியில் அடிக்கலாம்.

வானத்திலிருந்து விழும் தண்ணீரும் அந்த வகைதான். கடினம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு 2009-லிருந்து சட்டப்படி கட்டாயம். சேகரித்ததை எல்லோரும் மண்ணுக்குள் இறக்குகிறார்கள். முதல் மழையின் தூசியை விட்டுவிட்டு ஒரு டிரம் பிடித்துவைத்தால் பல வாரங்களின் கடைசி அலசலுக்கு வரும். ‘மழையில் நனைந்த காரிலும்தானே புள்ளி விழுகிறது’ என்ற கேள்வி நியாயமானது. அது மழையின் உப்பு அல்ல. முன்பே காரின் மேல் படிந்திருந்த சிமென்ட் தூசியும் சாலைப் புழுதியும் மழையில் குழைந்து காய்ந்தவை. மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கும் வரை அதன் தூண்களுக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் ஊர்ந்த கார்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இனி காயவைக்கும் வேலை. கழுவுவதற்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட யாரும் இதற்குக் கொடுப்பதில்லை. வெயில் ஏறுவதற்கு முன், பானட்டில் கை வைத்தால் குளிர்ச்சி தெரியும் நேரத்தில், நிழலில் ஆரம்பிக்க வேண்டும். மேற்கூரை, கண்ணாடி, பானட், பக்கவாட்டு, கடைசியில் கீழ்ப்பகுதி. ஒரு பகுதியைக் கழுவி, அலசி, துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசி நீரை வேகமாக அடித்தால் ஆயிரம் துளிகளாகச் சிதறும். செம்பிலிருந்து சாய்ப்பது போல் மெதுவாக விட்டால் நீர் போர்வை போல் ஒன்றாகச் சேர்ந்து இறங்கி, தன்னோடு பெரும்பகுதியை இழுத்துப் போய்விடும். பிறகு அகலமான மைக்ரோஃபைபர் துண்டைத் தகட்டின் மேல் விரித்து, ஒற்றி, மெல்ல இழுக்க வேண்டும். அழுத்தித் தேய்ப்பதில் பயனில்லை. மிஞ்சிய மண்துகள் கோடு கிழிக்கும். பழைய வேட்டி நன்றாக உறிஞ்சும் என்பது உண்மை, ஆனால் மண்ணைத் தன் இழைக்குள் வாங்கிக்கொள்ளாமல் மேலேயே உருட்டிக்கொண்டு போகும். துண்டையும் போர் தண்ணியில் அலசி வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். அதற்கும் கடைசி அலசல் நல்ல தண்ணீர்தான்.

எல்லாம் துடைத்து முடித்ததாக நினைக்கும்போது பக்கக் கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு கோடு இறங்கும். கதவுப் பிடி, நம்பர் பிளேட், பெட்ரோல் மூடி, டிக்கியின் இடுக்கு எல்லாம் தண்ணீரை ஒளித்துவைத்திருக்கும். கதவுகளைத் திறந்து மூடி, லேஅவுட்டுக்குள் ஒரு சுற்று ஓட்டிவந்து இன்னொரு முறை துடைப்பது வழக்கம். பேகூர் சாலை வரை போக வேண்டாம், தூசியோடு திரும்புவீர்கள்.

மெழுகோ செராமிக் பூச்சோ போட்டால் புள்ளி வராது என்று விற்பவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. அந்தப் பூச்சு நீரை முத்து முத்தாகத் திரட்டுகிறது. உருண்டு ஓடினால் சரி, உட்கார்ந்த முத்து காய்ந்தால் சின்ன இடத்தில் அடர்ந்த புள்ளி. பூச்சின் உண்மையான உதவி, கறை பெயின்ட்டைப் பிடிக்காமல் தடுத்து, எடுப்பதை எளிதாக்குவது.

விழுந்துவிட்ட கறைக்கு அமிலம்தான் மருந்து. வெள்ளை வினிகரைச் சம அளவு நல்ல தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து, குளிர்ந்த தகட்டில் ஒன்றிரண்டு நிமிடம் ஒற்றிவைத்து, உடனே அலசிவிட வேண்டும். மறைவான ஒரு மூலையில் முதலில் சோதிப்பது புத்தி. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை இங்கேயும் புளியைத் தேடும். வேண்டாம். நார் கீறும். புளியின் டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத இன்னொரு உப்பைத்தான் உண்டாக்கும். குளியலறை ஆசிட் பக்கமே போகக் கூடாது. வினிகருக்கு அசையாத புள்ளிகளும் மிஞ்சும். பாறையிலிருந்து வந்த சிலிக்கா இங்கேதான் தன் முகத்தைக் காட்டுகிறது. அமிலம் அதைத் தொடாது. மெல்லிய பாலிஷால்தான் எடுக்க முடியும், முன்கண்ணாடியில் இறுகியிருந்தால் சீரியம் ஆக்சைடு பசை. எடுத்த பிறகும் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டால் அது கறை அல்ல, அரிப்பு.

கழுவாத காரிலும் சிலருக்கு வெள்ளைக் கோடுகள் விழும். பேஸ்மென்ட்டில் நிறுத்துகிறவர்கள் தலையை உயர்த்தி மேல்தளத்தைப் பார்க்க வேண்டும். கசியும் கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, குகைகளில் தொங்குவது போல் குட்டிக் குட்டி ஊசிகளாக அங்கே வளர்ந்திருக்கும். அதிலிருந்து சொட்டுவது கடும் காரம். குழாய் நீரின் கறை வாரக்கணக்கில் செய்வதை இது சில நாளிலேயே செய்துவிடும். வினிகரைவிட முதலில் தேவைப்படுவது அசோசியேஷனுக்கு ஒரு புகார், அதுவரை வேறு இடத்தில் நிறுத்துவது.

இத்தனையும் காரைத் தானே கழுவுகிறவருக்கு. பொம்மனஹள்ளியின் அடுக்குமாடிகளில் பெரும்பாலான கார்களைத் துடைப்பது சொந்தக்காரர் அல்ல. விடியற்காலையில் ஒருவர் வருகிறார். ஒரு வாளி, இரண்டு துணி, வரிசையாக நிற்கும் கார்கள், மாதச் சம்பளம். வாளி நிரம்புவது பேஸ்மென்ட் குழாயில், அதாவது அன்றைக்குச் சம்ப்பில் எது இருக்கிறதோ அதில். பத்தாவது காருக்குப் போகும்போது வாளித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தாக வேண்டும், காயும்வரை நின்று ஒற்றியெடுக்க அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. கறைக்குத் திட்டு வாங்குவதும் அவர்தான். சமையலறை ஆர்.ஓ. குழாயில் பிடித்த இரண்டு லிட்டர் பாட்டிலும், நல்ல தண்ணீரில் அலசிய காய்ந்த துண்டு ஒன்றும் இரவே பானட்டின் மேல் இருந்தால் வேலை மாறும். வாரத்தில் ஒரு நாள் அந்த ஒரு காருக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவிடச் சொல்லி, அந்த ஐந்து நிமிடத்துக்கான காசையும் சேர்த்துக் கொடுத்தால்.